‘நோ சிக்னல்’ என்றால் எங்கே பார்ப்பது? ராமநாதபுரக் கடற்கரை வீடுகளுக்கு ஃப்ரீ டிஷ் பழுது பார்க்கும் வழி

பாம்பனில் அத்தை வீட்டு மொட்டை மாடியில் இருபது அடி ஜி.ஐ. பைப் ஒன்று இன்றும் நிற்கிறது. உச்சியில் மீன் முள் மாதிரி அலுமினியக் குச்சிகள். பாதி காற்றோடு போய்விட்டன. எண்பதுகளில் இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்ப்பதற்காக மாமா நட்டது. கேபிளுக்கு மாதாமாதம் பணம் கட்டி அலுத்துப்போன அத்தை போன பொங்கலுக்கு, "ஏப்பா, இந்த ஆன்டெனாவையே தூசி தட்டி டிவி வர வைக்க முடியாதா?" என்று கேட்டார். அங்கே தொடங்கிய வேலை, மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை என்று உறவுக்காரர் மாடிகளில் எல்லாம் என்னை ஏற்றி இறக்கிவிட்டது. பார்த்ததைக் கோளாறு வாரியாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். காற்றைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

பழைய ஆன்டெனாவை இணைத்தால் புது டிவியில் ஒன்றும் வரவில்லை

கோளாறு ஆன்டெனாவில் இல்லை. தூர்தர்ஷன் தன் அனலாக் தரைவழி ஒளிபரப்பை 2022 வாக்கில், ஒரு சில இடங்களைத் தவிர, நிறுத்திவிட்டது. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கியது. அந்தப் பட்டியலில் நம் பக்கம் இல்லை. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குத் தொலைக்காட்சிக் கோபுரம் கண்ணெதிரே நிற்கிறதே என்று கேட்பார்கள். அதைப் பார்த்து ஆன்டெனா வாங்க வேண்டாம். இன்று இலவசமாகக் கிடைக்கும் சேனல்கள் மொத்தமாக வருவது வானத்திலிருந்துதான். கடலுக்கு அந்தப் பக்கத்தையும் நம்ப வேண்டாம். இலங்கை டிஜிட்டலுக்குத் தேர்ந்தெடுத்தது ஜப்பானியரின் ஐஎஸ்டிபி-டி முறை. நம் ஊரில் விற்கும் டிவிகள் அதற்காகச் செய்தவை அல்ல.

ஆக, வாங்க வேண்டியது டிடி ஃப்ரீ டிஷ் பார்க்கும் டிஷ். 2004 டிசம்பரில் ‘டிடி டைரக்ட் பிளஸ்’ என்ற பெயரில் வந்த அதே சேவை. மாதக் கட்டணம் கிடையாது. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரிக்கு நேர் மேலே நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ் இதில் உண்டு. டிவியோடு இணைக்கும் செட்-டாப் பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புது முறை) பாக்ஸாகக் கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸில் புதிதாக வந்த பல சேனல்கள் தெரியாது.

டிஷ் அளவு? 60 செ.மீ. போதும் என்பது என் கருத்து. கடைக்காரர் 90 செ.மீ. எடுங்கள், மழைக்கு நல்லது என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் 90 செ.மீ. டிஷ்ஷின் பரப்பு 60 செ.மீ. டிஷ்ஷைப் போல் இரண்டேகால் மடங்கு. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அந்த இரண்டேகால் மடங்கையும் பிடித்துத் தள்ளும்.

ஸ்ட்ரெங்த் இருக்கிறது, குவாலிட்டி பூஜ்யம்

பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பட்டைகள் தெரியும். பாதிப் பேர் மேலே உள்ள ஸ்ட்ரெங்த்தைப் பார்த்துவிட்டு ‘சிக்னல் நல்லாத்தானே இருக்கு’ என்பார்கள். ஸ்ட்ரெங்த் காட்டினால் கேபிளும், டிஷ்ஷின் முன்னால் நீளும் கையில் இருந்து சிக்னலை வாங்கும் எல்என்பியும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம், அவ்வளவுதான். வானத்தைப் பார்த்து நிற்கும் டிஷ் எதுவும் கொஞ்சம் ஸ்ட்ரெங்த் காட்டும். நம் செயற்கைக்கோளைப் பிடித்ததா என்று சொல்வது குவாலிட்டி.

குவாலிட்டி பூஜ்யம் என்றால் டிஷ் தவறான இடத்தைப் பார்க்கிறது. இதற்கு முக்கியக் காரணம் பக்கத்து வீட்டு டிஷ். அதைப் பார்த்து அதே மாதிரி வைத்துவிடுகிறோம். அவர் டாடா பிளே என்றால் அவருடைய செயற்கைக்கோள் நிற்பது தீர்க்கரேகை 83 டிகிரியில். ஏர்டெல் என்றால் 108. டிஷ் டிவி என்றால் 95. இந்த 95தான் ஆளை ஏமாற்றும். நமக்கு ஒன்றரை டிகிரி பக்கத்திலேயே இருப்பதால் குவாலிட்டி கூட வரும். ஸ்கேன் செய்தால் எல்லாச் சேனலும் பூட்டியிருக்கும். அப்படி ஆனால் கொஞ்சம் மேற்கே திரும்பி, இன்னும் சற்று மேலே பார்க்க வேண்டும்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை கணக்கு ஏறத்தாழ ஒன்றுதான். கைப்பேசியின் திசைகாட்டியில் 122 டிகிரி, அதாவது நேர் கிழக்கிலிருந்து தெற்குப் பக்கம் 32 டிகிரி. கைப்பேசியை இரும்புப் பைப்பை விட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள்; பக்கத்தில் பிடித்தால் பொய் சொல்லும். தரையிலிருந்து ஏற்றம் சுமார் 70 டிகிரி. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 70 டிகிரி என்றால் கிட்டத்தட்ட உச்சிவானம். ஆனால் டிஷ் அப்படி மல்லாந்து கிடக்காது. வீடுகளில் வைக்கும் டிஷ், தன் முகம் பார்ப்பதை விட 24 டிகிரி அளவுக்கு மேலே பார்க்கும்படி வளைக்கப்பட்டது. அதனால் முகம் நட்டுக்குத்தாக நிற்பதிலிருந்து பாதிச் சாய்வு, 45 டிகிரியைத் தொட்டு, பின்னால் சாய்ந்திருந்தால் சரி. கிளாம்ப்பில் டிகிரிக் கோடுகள் இருந்தால் 70ஐ ஒட்டி வைத்துத் தொடங்குங்கள்.

இன்னொரு விஷயம். செயற்கைக்கோள் இவ்வளவு உயரத்தில் இருப்பதால், இடம் வலமாகத் திருப்புவதில் மூன்று டிகிரி பிசகினாலும் வானத்தில் ஒரு டிகிரிதான் விலகும். மேல் கீழ் பிசகினால் பிசகியது அத்தனையும் விலகும். ஆக, நேரத்தைச் செலவிட வேண்டியது மேல் கீழ் போல்ட்டில். அதற்கு முன் கம்பம் செங்குத்தாக இருக்கிறதா என்று கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்துவிடுங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் இந்த எண்கள் எதுவும் உதவாது.

குவாலிட்டி பாதியில் நிற்கிறது, ஏற மாட்டேன் என்கிறது என்றால் எல்என்பியைக் கவ்விக்குள் தளர்த்தி, கடிகார முள் மாதிரி மெதுவாகச் சுழற்றுங்கள். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், செயற்கைக்கோளுக்கு மேற்கே இருப்பதால் அலையின் தளம் நமக்கு நன்றாகச் சாய்ந்தே வந்து சேர்கிறது. வடக்கே ஏதோ ஊரில் எடுத்த படத்தைப் பார்த்து எல்என்பியை வைத்தால் இங்கே சரிப்படாது. ஒவ்வொரு அசைவுக்கும் ஐந்து விநாடி காத்திருங்கள். கீழே டிவி முன்னால் ஒரு ஆளை உட்கார வைத்து, கைப்பேசியில் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். அத்தை வீட்டில் அத்தையேதான் சொன்னார். "நாப்பது… நாப்பத்தஞ்சு… ஐயையோ போச்சுப்பா!"

ஸ்ட்ரெங்த்தும் இல்லை, குவாலிட்டியும் இல்லை

இது திசைக் கோளாறு இல்லை. டிஷ்ஷைத் தொடாதீர்கள், தொட்டால் ஒன்றுக்கு இரண்டு கோளாறாகிவிடும். பாக்ஸ்தான் கேபிள் வழியாக எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்புகிறது. அது போய்ச் சேரவில்லை. பாக்ஸை அணைத்துவிட்டு கேபிளின் இரண்டு முனையிலும் உள்ள திருகு மூடி மாதிரியான எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். வெளிப்பின்னலின் ஒரு மயிரிழைக் கம்பி நடுக்கம்பியைத் தொட்டாலே போதும், ஷார்ட். அங்கே சரியாக இருந்தால் கேபிளை எலி கடித்திருக்கிறதா, ஜன்னல் கதவில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், தெரிந்தவர் வீட்டு எல்என்பியைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் குறைந்த செலவு. பாக்ஸ் மெனுவில் எல்என்பி வகை 9750–10600 என்று இருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றடித்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது

நம் கரையின் உண்மையான வியாதி இதுதான். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிவப்பு சிக்னல் விழுந்து ரயில் நின்றுவிடும் என்பது நமக்கெல்லாம் தெரியும். ரயிலையே நிறுத்தும் காற்றில் ஒரு தகரக் கிண்ணம் எம்மாத்திரம்?

கணக்கைப் பாருங்கள். 60 செ.மீ. டிஷ்ஷின் விளிம்பு 5 மி.மீ. அசைந்தால் அது பார்க்கும் திசை ஒரு டிகிரி மாறுகிறது. 8 மி.மீ. அசைந்தால் வரும் சக்தியில் ஏறத்தாழ பாதி போய்விடும். கட்டைவிரல் அகலம் கூட இல்லை. காற்றில் இவ்வளவு ஆடும் கம்பத்தில் எவ்வளவு நல்ல எல்என்பி போட்டாலும் படம் உடையத்தான் செய்யும்.

முதலில் சோதனை. காற்றில்லாத விடியற்காலையில் மாடிக்குப் போய் டிஷ்ஷின் மேல் விளிம்பை இரண்டு விரலால் மெல்லத் தள்ளுங்கள். டிஷ் மட்டும் ஆடினால் பின்பக்கக் கிளாம்ப் போல்ட். கம்பமும் சேர்ந்து ஆடினால் கம்பம் நீளம், அல்லது அடித்தட்டின் ஆங்கர் போல்ட் சிமெண்டுக்குள் தளர்ந்துவிட்டது. டிஷ் அசையாமல் எல்என்பி கை மட்டும் ஆடினால் கையின் திருகு. எது என்று தெரிந்தபின் ஸ்பேனரை எடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக்கினால் திசையும் சேர்ந்து நகர்ந்துவிடும்.

கம்பம் நீளம் என்றால் தீர்வு இறுக்குவது இல்லை, குறைப்பது. அத்தை வீட்டில் டிஷ் போட வந்தவர், பழைய பைப் சும்மா நிற்கிறதே என்று அதன் பாதி உயரத்தில் டிஷ்ஷைக் கட்டிவிட்டுப் போனார். ‘உயரத்துல இருந்தா சிக்னல் நல்லா வரும்’ என்றாராம். மாமா காலத்து ஆன்டெனாவுக்கு அது சரி. கடலைத் தாண்டி வரும் தரையலையைப் பிடிக்க உயரம் வேண்டும். டிஷ்ஷுக்கு அப்படி இல்லை. 36,000 கி.மீ. தூரத்தில் இருப்பவரைப் பார்க்கப் பத்தடி ஏறி நின்று என்ன ஆகப்போகிறது? 70 டிகிரி ஏற்றத்தில் பார்க்கும் டிஷ்ஷை எதிரே உள்ள எதுவும் லேசில் மறைக்காது. மூன்றடிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால், சுவரை விட்டு ஒன்றரை அடி தள்ளி, தரையோடு தரையாக வைத்தாலும் வானம் தெரியும். டிஷ்ஷை விட எட்டு மீட்டர் உயரமான தென்னை கூட மூன்று மீட்டர் தள்ளி நின்றால் தடையில்லை. பரந்த மட்டைக்கு இன்னும் இரண்டு மீட்டர் விட்டுவிடுங்கள்.

ஆக, நான் இப்போது சொல்லும் இடம் இது. மாடிப்படி அறைக்குக் கிழக்குப் பக்கம், சுவரை ஒட்டி, இரண்டடி உயரக் குட்டைக் கம்பம். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு வரும் கச்சானை அந்த அறையின் சுவர் வாங்கிக்கொள்ளும். வாடைக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. டிஷ் பார்க்கும் தென்கிழக்கு திறந்தே இருக்கும். ஓட்டு வீடு, மாடி இல்லை என்றால் முற்றத்தில் சிமெண்ட் கட்டை போட்டு வைக்கலாம். ஆடு முட்டாமல் சுற்றி நாலு கம்பு நட்டால் போதும். அத்தை வீட்டில் இறக்கி வைத்த அன்றிலிருந்து ஆடி முழுக்க ஒரு நாள் கூடப் படம் உடையவில்லை. பழைய பைப்பைப் பிடுங்கவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். கொடிக்கயிறு கட்டத் தோதாக இருக்கிறதாம்.

மழை பெய்தால் போகிறது

இந்த டிஷ்ஷுக்குச் சிக்னல் வரும் கேயு அலைவரிசையை மழைத்துளி விழுங்கும். இது இயற்கை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி மழைக்கு எந்த டிஷ்ஷும் தாங்காது. கொட்டும் மேகம் நகர்ந்ததும் தானாக வரும்.

தூறலுக்கே போகிறது என்றால்தான் கோளாறு. வெயில் நாளிலேயே குவாலிட்டி விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. டிஜிட்டல் படத்தின் குணம் அது: பழைய டிவி மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரிந்து எச்சரிக்காது, இருந்தால் முழுசாக இருக்கும், இல்லையென்றால் இல்லை. திசையையும் எல்என்பிச் சுழற்சியையும் மறுபடி பார்த்து, வெயில் நாளில் கிடைக்கும் மிக உயர்ந்த எண்ணைச் சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள். கேபிள் 30 மீட்டருக்கு மேல் ஓடினால் குறையுங்கள். இவ்வளவும் செய்து, இடமும் காற்று மறைவாக இருந்தால், அப்போது 75 செ.மீ. டிஷ் பற்றி யோசிக்கலாம்.

மழை விட்டு இரண்டு நாளாகியும் வரவில்லை

கனெக்டருக்குள் தண்ணீர். எல்என்பிப் பக்கத்துக் கனெக்டரைக் கழற்றினால் நடுச்செம்பு பச்சை பூத்திருக்கும். துடைத்துத் திரும்பப் போடுவது ஒரு வார வைத்தியம். தண்ணீர் பின்னல் வழியாகக் கேபிளுக்குள் இறங்கியிருக்கும்; ஓரடி, இரண்டடி வெட்டி, செம்பு பளபளக்கும் இடத்தில் புதுக் கனெக்டர் போடுங்கள். வெட்ட வெட்டக் கறுப்பாகவே வந்தால் மொத்தக் கேபிளையும் மாற்ற வேண்டியதுதான். திருகும் கனெக்டரை விட அழுத்திப் பொருத்தும் கனெக்டர் நல்லது. அதன் மேல், இழுத்தால் நீண்டு தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்வது மாதிரி. சாதாரணக் கறுப்பு டேப் நம் வெயிலில் ஒரே கோடையில் பிசின் விட்டுவிடும். கேபிள் கனெக்டரிலிருந்து நேராக வீட்டுக்குள் போகக் கூடாது. நடுவில் ஒரு வளையம் தொங்க வேண்டும். தண்ணீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும்.

ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகிறது

உப்பு. சுவரில் எழுதிய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். டிஷ்ஷோடு வரும் நட்டு போல்ட்டுகள் மெல்லிய துத்தநாகப் பூச்சு மட்டும் உள்ளவை. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில் அவை ஓர் ஆண்டில் செம்பழுப்பாகும், அடுத்த ஆண்டில் உதிரும். புதுப் பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். நாம் நாலு போல்ட்டுக்குக் கணக்குப் பார்க்கிறோம். டிஷ் வாங்கும் அன்றே படகுச் சாமான் கடையில் எஸ்.எஸ். போல்ட் வாங்கி மாற்றிவிடுங்கள். அதிலும் 316 ரகம் என்று கேட்டு வாங்கினால் உப்புக்கு இன்னும் தாங்கும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போட்டால் பின்னால் கழற்றவும் வரும்.

எல்என்பியின் முகத்தில் உள்ள பிளாஸ்டிக் மூடியையும் பாருங்கள். வெயிலில் வெடித்திருந்தாலோ, காக்கை கொத்தி ஓட்டை போட்டிருந்தாலோ உள்ளே ஈரம் போய்விட்டது. எல்என்பியை மாற்றுவது தவிர வழியில்லை. டிஷ்ஷின் மேல் படிந்த உப்பையும் மணலையும் மாதம் ஒரு முறை ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தகடு கூடுதல் நாள் வரும். கிணற்று உவர்நீரை ஊற்றிவிடாதீர்கள்.

முற்பகல் 11 மணிக்கு மட்டும் போய், பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது

மார்ச் நடுவிலோ செப்டம்பர் கடைசியிலோ என்றால் பயப்பட வேண்டாம். அந்தச் சில நாள்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. மார்ச்சில் 11.15 வாக்கில், செப்டம்பரில் 11 மணிக்குச் சற்று முன்னால். சூரியனின் இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடும். ஒரு வாரம் போல இருந்துவிட்டு நின்றுவிடும்.

எனக்கு இது கோளாறை விட உதவி என்றே தோன்றும். அந்த நேரத்தில் மாடிக்குப் போனால், சூரியன் இருக்கும் இடம்தான் செயற்கைக்கோள் இருக்கும் இடம். டிஷ்ஷின் மேல் வேப்பங்கிளையின் நிழல் விழுந்தால் அந்தக் கிளைதான் உங்கள் சிக்னலை மறைக்கிறது; அரிவாளை எடுக்கலாம். முழு டிஷ்ஷும் வெயிலில் இருந்தால் மரத்தின் மேல் பழி போட வேண்டாம். புதிதாக டிஷ் வைக்க இடம் பார்ப்பவர்களும் அன்றைக்கே மாடியில் வெயில் விழும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

சில சேனல்கள் மட்டும் காணோம்

டிஷ்ஷைத் தொடாதீர்கள். ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கான இடங்கள் ஏலத்தில் போகின்றன. சேனல்கள் வரும், போகும், இடம் மாறும். பாக்ஸில் மறுபடி ஆட்டோ ஸ்கேன் போடுங்கள். அதற்குப் பின்னும் டிடி தமிழ் வந்து வேறொன்று வரவில்லை என்றால், பாக்ஸ் எம்பெக்-2ஆ என்று பாருங்கள், அல்லது அந்தச் சேனல் இப்போது ஃப்ரீ டிஷ்ஷிலேயே இல்லை.

இரண்டாவது டிவியில் எடுக்கவில்லை

ஒரு கேபிளைச் சாதாரண ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு பாக்ஸுக்குப் பிரித்தால், இரண்டும் ஒரே எல்என்பிக்குத் தனித்தனியே கட்டளை கொடுத்துச் சண்டை போடும். இரண்டு வாய் உள்ள ட்வின் எல்என்பி வாங்கி, ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிக் கேபிள் இழுங்கள். கழற்றுவதற்கு முன் பழைய எல்என்பி எந்தக் கோணத்தில் சுழன்றிருந்தது என்று மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் உச்சிப்புளியில் அந்தக் கோட்டைப் போடாமல் கழற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிட்டேன்.